சாண்டோரினித் தீவில் எந்த மாதம் எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவுக்குப் போகத் திட்டமிடும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது "அங்கே வெயில் எப்படி?" என்றுதான். நான் அங்கே மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு ஏப்ரல், ஒரு ஆகஸ்ட், ஒரு நவம்பர். மூன்று முறையும் காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியே பார்த்தது எதிர்வீட்டுக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதைத்தான். அந்தத் தீவில் முதலில் கேட்க வேண்டியது காற்றைப் பற்றி, அடுத்துத் தண்ணீரைப் பற்றி. வெயில் அதற்கப்புறம்தான். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

தீவு எங்கே இருக்கிறது? அதன் அமைப்புக்கும் வானிலைக்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே, ஏஜியன் கடலில், சிக்லடீஸ் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது சாண்டோரினி. அரசு ஆவணங்களில் அதன் பெயர் திரா. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பெரிய எரிமலை வெடித்தது. தீவின் நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட்டது. மிஞ்சியதுதான் இப்போது பிறை வடிவில் இருக்கும் நிலம்.

பிறையின் உட்பக்கம் செங்குத்தான பாறைச் சுவர். சில இடங்களில் கடலிலிருந்து 300 மீட்டர் உயரம். ஃபிரா, இமெரோவிக்லி, ஈயா ஆகிய ஊர்கள் அந்தச் சுவரின் விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றன. (வரைபடங்களில் ஓயா என்று படிக்கத் தோன்றும் ஊரைத்தான் உள்ளூர்க்காரர்கள் ஈயா என்கிறார்கள்.) வெளிப்பக்கம், அதாவது கிழக்கும் தெற்கும், மெல்லச் சரிந்து கமாரி, பெரிசா கடற்கரைகளில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவில் 567 மீட்டர் உயரத்தில் ப்ரோஃபிதிஸ் இலியாஸ் மலை.

இதனால் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், விளிம்பில் நிற்பவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பார். பெரிசாவில் இருப்பவர் நிழல் தேடிக்கொண்டிருப்பார். இரண்டு இடத்துக்கும் பேருந்தில் அரை மணிப் பயணம்தான். கைப்பேசியில் காட்டும் வெப்பநிலை தீவு முழுவதற்கும் ஒரே எண். அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

சரி, எந்த மாதம் போகலாம்?

மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. இரண்டில் ஒன்று என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், காற்றும் தணிந்திருக்கும். கூட்டமும் ஆகஸ்டைவிடக் குறைவு.

மெல்தெமி, மெல்தெமி என்கிறார்களே, அது என்ன?

கோடைக்காலத்தில் ஏஜியன் கடல் மேல் வடக்கிலிருந்து வீசும் காற்று. ஜூன் கடைசியில் தலைகாட்டி, ஜூலையிலும் ஆகஸ்டிலும் உச்சத்துக்குப் போய், செப்டம்பரில் தணியும். பழைய கிரேக்கர்கள் இதை எதிசியே என்றார்கள். ஆண்டுதோறும் வருவது என்று பொருள். அரிஸ்டாட்டில் காலத்திலேயே இதன் காரணத்தைப் பற்றி விவாதித்திருக்கிறார்கள்.

நமக்கு வாடை என்றால் ஐப்பசி, மார்கழிக் குளிர்தான் நினைவுக்கு வரும். அங்கே வாடை கொளுத்தும் கோடையில் அடிக்கிறது. மழை கொண்டு வருவதில்லை, மேகமும் கொண்டு வருவதில்லை. வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருக்கும், கடல் முழுக்க வெள்ளை நுரை தெறிக்கும். புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஜன்னல் வழியே பார்த்தால் அருமையான நாள். கதவைத் திறந்தால் கதவு கையோடு போகும்.

பெரும்பாலும் காலையில் அடங்கியிருந்து, முற்பகலில் ஏறத் தொடங்கி, பிற்பகலில் வலுத்து, இரவில் தணியும். சில சமயம் அப்படித் தணியாமல் இரவு பகலாக நாலைந்து நாள் தொடர்ந்து அடிப்பதும் உண்டு. ஆகஸ்டில் நான் தங்கியிருந்தபோது அப்படி ஒரு நாலு நாள் மாட்டியது. சாப்பாட்டுக் கடைகளில் மேசை விரிப்புக் காகிதத்தை நான்கு பக்கமும் உலோகக் கிளிப் போட்டுப் பிடித்திருப்பார்கள். முதல் நாள் அதை அலங்காரம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் என் ரொட்டிக் கூடை தானாக நகர்ந்து மேசையின் ஓரத்துக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது.

இந்தக் காற்று எப்படி உண்டாகிறது? நம் ஆடிக்காற்றுக்கும் இதற்கும் உறவு உண்டு என்கிறார்களே?

உண்டு. எனக்கு இந்தத் தீவின் வானிலை மேல் ஆசை வந்ததே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

கோடையில் பால்கன் நாடுகளின் மேல் காற்றழுத்தம் உயர்ந்திருக்கும். கிழக்கே துருக்கியின் அனதோலியா நிலப்பகுதி சூடேறி, அங்கே அழுத்தம் தாழ்ந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஏஜியன் கடல் ஒரு சந்து போல ஆகிவிடுகிறது. சந்து வழியே காற்று வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. இது பாதிக் கதை.

மீதிக் கதை இந்தியாவில் இருக்கிறது. அனதோலியா மேல் இருக்கும் அந்தத் தாழ்வழுத்தம் தனியானது அல்ல. தெற்காசியப் பருவமழையை இழுத்து வரும் மாபெரும் தாழ்வழுத்தப் பகுதி பாகிஸ்தான், ஈரான் வழியாக மேற்கே நீண்டு, அதன் வால் அங்கே போய் முடிகிறது. அதோடு, பருவமழைக் காலத்தில் தெற்காசியா மேல் காற்று பெருமளவில் மேலே எழும்போது, அதற்கு ஈடாகக் கிழக்கு மத்தியதரைக்கடல் மேல் காற்று கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகி உலரும், மேகம் கட்டவிடாது. சாண்டோரினியில் ஜூலை, ஆகஸ்டில் ஏறக்குறைய ஒரு துளி மழைகூட இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று இங்கே சொல்கிற அதே வாரங்களில்தான் அங்கே மெல்தெமி உச்சத்தில் இருக்கிறது. இங்கே தென்மேற்கிலிருந்து, அங்கே வடக்கிலிருந்து. இரண்டையும் நடத்துவது ஒரே பெரிய ஏற்பாடு. கேரளத்தில் கொட்டும் மழைக்கும் ஈயாவில் ஒருவர் தொப்பியைப் பறிகொடுப்பதற்கும் இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத இழை இருக்கிறது.

போஃபோர் என்று எதைச் சொல்கிறார்கள்? கப்பல் ஓடுமா, ஓடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காற்றின் வலுவை 0 முதல் 12 வரை அளக்கும் பியூஃபோர்ட் அளவுகோலைத்தான் கிரேக்கர்கள் போஃபோர் என்கிறார்கள். வானிலை ஆய்வாளர்கள் மட்டும் பேசும் சொல் அல்ல. காய்கறிக் கடையிலும் அதுதான் பேச்சு. "இன்றைக்கு எத்தனை போஃபோர்?" என்று கேட்டால் உங்களைப் பழகியவர் போல நடத்துவார்கள்.

4 என்றால் இதமான காற்று. 5 என்றால் மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர் வேகம், கடலில் நிறைய நுரை தெரியும். 6 ஆனால் சிறிய உல்லாசப் படகுகள் தயங்கும். 7 என்பது 50 முதல் 61 கிலோமீட்டர், எதிர்த்து நடக்கவே சிரமம். 8 என்பது 62 முதல் 74 கிலோமீட்டர். 8-ஐ ஒட்டி அல்லது அதைத் தாண்டிப் போகும்போது கடலோரக் காவல் படை கப்பல்களுக்குத் தடை போடுவது வழக்கம். அந்தத் தடைக்கு அபகொரெஃப்திகோ என்று பெயர். எல்லாக் கப்பலுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. வேகப் படகுகள் முதலில் நிற்கும், பெரிய கப்பல்கள் கடைசி வரை ஓடப் பார்க்கும்.

ஆகஸ்டில் ஃபிராவில் ஒரு டிக்கெட் கடையில் நின்றிருந்தேன். மறுநாள் கப்பல் போகுமா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா பதில் பேசவில்லை. கைப்பேசியைப் பார்த்துவிட்டு, ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் மூன்று விரல் காட்டினார். பின்னால் வரிசையில் நின்ற கிரேக்கர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டு, யாரையோ கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

நான் எல்லாருக்கும் சொல்லும் அறிவுரை இது ஒன்றுதான்: தீவிலிருந்து கப்பலில் திரும்பும் அதே நாளில் ஏதென்ஸிலிருந்து ஊருக்கு விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். நடுவில் ஓர் இரவு ஏதென்ஸில் இருக்கட்டும். தடை வந்தால் கப்பல் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அல்லது தேதி மாற்றிக்கொள்ளலாம். தவறிய விமானத்துக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொன்று. பழைய துறைமுகத்திலிருந்து ஃபிராவுக்கு ஏறும் கேபிள் காரும் பலத்த காற்றில் நின்றுவிடும். அப்போது ஐந்நூற்றுச் சொச்சம் படிகள்தான் வழி. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

காற்று அடிக்கிற நாளில் எங்கே போகலாம்?

தெற்கே போங்கள். பெரிசா, பெரிவோலோஸ், விலிகாதா கடற்கரைகளுக்கு வடக்கே நிலமும் மலையும் இருப்பதால் ஓரளவு மறைவு கிடைக்கும். ஈயாவுக்கு வடக்கே இருக்கும் கடற்கரைகளை அன்றைக்கு மறந்துவிடுங்கள். அக்ரோதிரி அகழ்வாய்வுத் தளத்துக்கும் போகலாம். எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்து கிடந்த ஊர் அது. தோண்டி எடுத்த பகுதி இப்போது கூரைக்குக் கீழே இருக்கிறது. காற்றும் வெயிலும் அங்கே வராது.

வெயில் எவ்வளவு கடுமை?

எண்களை மட்டும் பார்த்தால் கடுமை இல்லை. ஜூலை, ஆகஸ்டில் பகலில் 28, 29 டிகிரி, இரவில் 22, 23. ஏதென்ஸில் 40 தொடும் நாளிலும் இங்கே பல டிகிரி குறைவாகவே இருக்கும். கடலும் மெல்தெமியும் சேர்ந்து செய்யும் உதவி அது.

ஆனால் அந்த உதவியே ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது. காற்று வேர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடம்பு சூடாவது தெரியாது. மதியம் 12-லிருந்து 4 வரை ஃபிராவிலிருந்து ஈயாவுக்குப் பாறை விளிம்பிலேயே நடப்பவர்களைப் பார்த்தேன். பத்து கிலோமீட்டர் வழி, மர நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவர்கள் வேறு வெயிலைத் திருப்பி அடிக்கின்றன. தோல் கன்றிப்போன பிறகுதான் தெரியும். அந்த நடையை விடிகாலையில் தொடங்குங்கள், தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள்.

காற்று நின்றுபோகும் நாட்கள்தான் உண்மையான வெப்ப நாட்கள். அனல் அலை ஜூனிலேயே வருவதும் உண்டு. 2024 ஜூனில் வெப்பத்தால் ஏதென்ஸின் அக்ரோபோலிஸையே நண்பகலில் மூடினார்கள். அத்தகைய நாளில் தீவிலும் மதியத்தில் வெளியே போகக்கூடாது.

கமாரியிலும் பெரிசாவிலும் மணல் கறுப்பு. எரிமலை மணல். மதியத்தில் வெறுங்காலோடு பத்து அடி வைக்க முடியாது. செருப்பைத் தண்ணீர் ஓரம் வரை போட்டுக்கொண்டு போங்கள்.

கடலில் எப்போது குளிக்கலாம்?

ஜூனிலிருந்து அக்டோபர் வரை. கடல் மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில், சுமார் 16 டிகிரி. மிக வெதுவெதுப்பாக இருப்பது ஆகஸ்டில், 24, 25 டிகிரி. அக்டோபரிலும் 22 இருக்கும். ஏப்ரலில் ஐரோப்பியர்கள் குதிப்பதைப் பார்த்து நானும் இறங்கினேன். இரண்டு நிமிடம் தாங்கவில்லை.

மழை பெய்யுமா?

ஆண்டு முழுக்கச் சேர்த்தால் 300 முதல் 400 மில்லிமீட்டர் அளவுதான். அதுவும் வருடத்துக்கு வருடம் பெரிதும் மாறும். அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் மழைக்காலம், டிசம்பரும் ஜனவரியும் அதன் நடு. மே முதல் செப்டம்பர் வரை குடையை மறந்துவிடலாம்.

ஆனால் பெய்தால் சிணுங்கலாகப் பெய்யாது. சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். 2025 மார்ச் 31 அன்று பக்கத்துத் தீவான பாரோஸில் அப்படிக் கொட்டியதில் தெருக்கள் ஆறாகி, கார்களும் ஸ்கூட்டர்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஏஜியன் தீவுகளில் மண் மெல்லியது, சரிவு அதிகம், தண்ணீரைப் பிடித்து வைக்கக் காடு இல்லை. வந்த தண்ணீர் அப்படியே கடலுக்கு ஓடுகிறது.

மழையே இல்லாத இடத்தில் திராட்சை எப்படி விளைகிறது?

இந்தக் கேள்விக்காகவே மேகலோகோரி ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு ஆகஸ்ட் விடியலில் நடந்து போனேன்.

முதலில் தோட்டம் எது என்றே தெரியவில்லை. பந்தல் இல்லை, கம்பி இல்லை, குச்சி இல்லை. சாம்பல் நிற நிலத்தில் ஆங்காங்கே முழங்கால் உயரத்துக்குப் பச்சைக் குவியல்கள். கிட்டப் போய் உட்கார்ந்து இலைகளை விலக்கிப் பார்த்தால், உள்ளே பழைய கொடி வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னப்பட்டிருக்கிறது. பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணையைப் பெரிதாக்கியது போல. பழங்கள் வட்டத்துக்கு உள்ளே, தரைக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. வெளியே காற்று உறுமிக்கொண்டிருக்க, அந்தக் கூடைக்குள் ஓர் இலைகூட அசையவில்லை. இந்தப் பின்னலுக்கு கூலூரா என்று பெயர். வளையம் என்று பொருள். குளிர்காலத்தில் கவாத்துச் செய்யும்போது ஒவ்வோர் ஆண்டும் புதுக் கிளையை வளைத்துப் பழைய வளையத்தோடு சேர்த்துப் பின்னுகிறார்கள். பல பத்தாண்டுகள் ஆனதும் வளையத்தை வெட்டிவிடுவார்கள். அடியில் இருக்கும் பழைய வேர் மறுபடி துளிர்க்கும். அந்த வேர்களில் சில நூற்றாண்டுகளைக் கடந்தவை.

காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பது கூலூரா. தண்ணீருக்கு வழி மண்ணில் இருக்கிறது. உள்ளூரில் ஆஸ்பா என்று சொல்லும் அந்த மண், எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்தது. நுரைக்கல் பஞ்சு போல ஓட்டைகள் நிறைந்தது. இரவில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றையும் பனியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு பகலில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நான் ஒரு கல்லைப் புரட்டி எடுத்தேன். மேல்பக்கம் உலர்ந்து வெளுத்திருந்தது. அடிப்பக்கம் விரலில் ஈரம் ஒட்டியது. மூன்று மாதமாக மழை பெய்யாத ஊரில்!

முக்கியமான திராட்சை வகை அசிர்திகோ, வெள்ளைத் திராட்சை. ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கிவிடும். அதே மண்ணில் குட்டித் தக்காளியும், வெள்ளைக் கத்தரிக்காயும், ஃபாவா என்னும் மஞ்சள் பருப்பும் பாசனம் இல்லாமல் வளர்கின்றன. நம் பேச்சில் சொன்னால் வானம் பார்த்த பூமி, மானாவாரி விவசாயம். தண்ணீர் குறைவு என்பதால் தக்காளி சின்னதாக, தோல் தடித்து, புளிப்பும் இனிப்பும் இறுகிப்போய் இருக்கும். ஃபாவாவைக் குழைய வேகவைத்து, வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துத் தருவார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் தயங்காமல் கேட்டு வாங்கலாம்.

குடிக்கத் தண்ணீர்?

ஆறு கிடையாது. முன்பெல்லாம் ஒவ்வொரு வீட்டின் முற்றத்துக்கு அடியிலும் ஸ்தெர்னா என்னும் தொட்டி இருந்தது. கூரையில் விழும் மழைநீர் வாய்க்கால் வழியே அதில் சேரும். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்ததில் அழகு மட்டும் நோக்கம் இல்லை, தண்ணீர் சுத்தமாக இறங்க வேண்டும் என்பதும்தான். இப்போது பெரும்பாலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களை நம்பித்தான் தீவு இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்க எல்லாரும் பாட்டில்தான் வாங்குகிறார்கள். ஆகஸ்டில் தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள். பதினைந்தாயிரம் பேர் வாழும் தீவு அது, கோடையில் அதைப்போலப் பல மடங்கு மனிதர்களுக்குத் தண்ணீர் தருகிறது.

குகை வீடுகளில் ஏசி வேண்டுமா?

பழைய முறைப்படி குடைந்ததாக இருந்தால் பெரும்பாலும் வேண்டியதில்லை. இறுகிய எரிமலைச் சாம்பலைக் குடைந்து, வளைவான கூரை போட்ட இபோஸ்காஃபா வீடுகள் கோடையில் குளிர்ச்சியாகவும் குளிர்காலத்தில் கதகதப்பாகவும் இருக்கும். ஆனால் உள்ளே ஈரம் கொஞ்சம் தேங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் நல்ல ஜன்னல் இருக்கும் அறையாகக் கேட்டு எடுங்கள்.

ஏப்ரலில் போகலாமா?

போகலாம், தீவு பச்சையாக இருக்கும் ஒரே காலம் அது. சாம்பல் நிலத்தில் மஞ்சள் பூவும் சிவப்புப் பாப்பிப் பூவும் விரிந்திருக்கும். பகலில் 18, 20 டிகிரி, இரவில் 12, 13. ஒரு நாள் வெயில், ஒரு நாள் குளிர் என்று மாறி மாறி வரும். "மார்ச்சிலிருந்து கோடை, ஆகஸ்டிலிருந்து குளிர்காலம்" என்று கிரேக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. பருவம் மாறப்போவதற்கு அந்த மாதங்களிலேயே அறிகுறி தெரிந்துவிடும் என்கிற பொருளில் சொல்வார்கள்.

இந்தக் காலத்தில்தான் தென்மேற்கிலிருந்து லீவாஸ் காற்று வரும். லிபியாப் பக்கத்துச் சகாராத் தூசியைத் தூக்கிக்கொண்டு வந்து வானத்தை மஞ்சளாக்கும். 2024 ஏப்ரல் 23 அன்று ஏதென்ஸ் நகரமே ஆரஞ்சு நிறத்தில் மூழ்கியது இப்படித்தான். தூசியோடு தூறலும் விழுந்தால் வெள்ளைச் சுவரெல்லாம் சேற்றுக் கோடு விழும். நான் போனபோது தெருத் தெருவாக மக்கள் வாளியும் மட்டையுமாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்டருக்கு முன் வீட்டை வெளுப்பது வழக்கம். பிர்கோஸ் ஊரில் பெரிய வெள்ளி இரவில் கூரைகளிலும் சுவர்களிலும் ஆயிரக்கணக்கான தகரக் குவளை விளக்குகளை ஏற்றுவார்கள். கீழேயிருந்து பார்த்தால் மலை முழுக்க நெருப்பு ஊர்வது போல இருக்கும்.

குளிர்காலத்தில் பனி பெய்யுமா?

எப்போதாவது. ப்ரோஃபிதிஸ் இலியாஸ் உச்சியில் ஒரு பூச்சு விழுந்து சீக்கிரமே கரைந்துவிடும். ஜனவரியில் பகலில் 14, இரவில் 10 டிகிரி. எண் பெரிதாகத் தெரியாது, ஆனால் ஈரக்காற்று எலும்பு வரை போகும். பாதி விடுதிகளும் கடைகளும் மூடியிருக்கும், பேருந்துகள் குறைவு.

அந்தக் குளிருக்கு நடுவிலும் ஒரு சிறு வரம் உண்டு. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரிக்குள், பெரும்பாலும் ஜனவரியில், சில நாட்கள் காற்று அடங்கி, வானம் தெளிந்து, வெயில் இதமாகக் காயும். அல்கியோனிதெஸ் நாட்கள் என்பார்கள். காற்றுகளின் அரசனான ஏயோலஸின் மகள் அல்கியோனி. கணவன் கடலில் மூழ்கி இறந்துவிட, அவள் மீன்கொத்தியாக மாறினாள். அவள் கூடுகட்டி முட்டையை அடைகாக்கட்டும் என்று தந்தை அந்தச் சில நாட்கள் மட்டும் காற்றைக் கட்டி வைத்தான் என்பது கதை.

சூரியன் மறைவதைப் பார்க்க எப்போது போக வேண்டும்?

ஜூனில் இரவு 8.40 அளவில், செப்டம்பர் நடுவில் 7.25 அளவில், டிசம்பரில் மாலை 5 மணிக்கே. கோடையில் ஈயாவிலிருந்து பார்த்தால் நேராகத் திறந்த கடலில் இறங்கும். குளிர்காலத்தில் தெற்கே நகர்ந்து திராசியா தீவின் பக்கமாக மறையும். நிறம் வேண்டுமென்றால் அக்டோபர்தான் சிறந்தது. கோடையில் மேகம் இல்லாததால் ஆரஞ்சுப் பந்து சட்டென்று இறங்கிவிடும், வானம் பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. எந்த மாதமானாலும் மேல்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். சூரியன் போன பத்தாவது நிமிடம் விளிம்பில் குளிர் ஏறும்.

காலநிலை மாற்றம் அங்கே தெரிகிறதா?

திராட்சையில் தெரிகிறது. மத்தியதரைக்கடல் பகுதி உலகச் சராசரியைவிட வேகமாகச் சூடாகி வருகிறது. சாண்டோரினியில் 2023, 2024 இரண்டு ஆண்டும் வறட்சியாலும் வெப்பத்தாலும் திராட்சை விளைச்சல் மிகவும் குறைந்தது. பனியை நம்பி வாழ்ந்த கொடிகளுக்கு இப்போது குளிர்கால மழையும் சரியாக வருவதில்லை. அதோடு விடுதி கட்ட நிலம் விற்பதும் சேர்ந்துகொண்டது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். எரிமலைக்குப் பிறகு அந்தச் சாம்பலில் மனிதர்கள் கண்டுபிடித்த வாழ்க்கை முறை அந்தக் கூடைகளில்தான் இருக்கிறது. தீவுக்குப் போனால் உள்ளூர்த் தக்காளியையும் ஃபாவாவையும் கேட்டு வாங்குங்கள், பயிரிடுபவர்கள் கையில் நாலு காசு சேரட்டும்.

நிலநடுக்கம் பற்றிப் பயப்பட வேண்டுமா?

வானிலைக் கேள்வி அல்ல, ஆனாலும் எல்லாரும் கேட்கிறார்கள். 2025 ஜனவரி கடைசியிலிருந்து சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் நடுவே கடலடியில் ஆயிரக்கணக்கான அதிர்வுகள் தொடர்ந்தன. பெரியது பிப்ரவரி 10 அன்று 5.3 அளவில். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் தீவைவிட்டுத் தற்காலிகமாகப் போனார்கள், பிறகு அடங்கியது. 1956 ஜூலை 9 அன்று வந்த பெரிய நிலநடுக்கத்தில் ஈயா பெரும் சேதம் அடைந்தது. கிளம்பும் முன் அரசின் அறிவிப்பைப் பாருங்கள், பாறைச் சுவரின் அடியில் நிற்காதீர்கள்.

என்ன துணி எடுத்துப் போவது?

கோடைக்குப் பருத்தி, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை, தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ளும் கயிறு வைத்த தொப்பி. புடவை கட்டிப் படம் எடுக்க நினைப்பவர்கள் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், முந்தானைக்கு நிறைய பின் குத்துங்கள். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் ஸ்வெட்டர். குளிர்காலத்துக்கு மழைச்சட்டை. குடை வேண்டாம், அங்கே அடிக்கும் காற்றில் குடை நிற்காது.

நவம்பரில் போனால் ஏமாற்றமாக இருக்குமா?

கடற்கரைக்காகப் போனால், ஆமாம். அக்டோபர் கடைசியில், புனித திமித்ரியோஸ் திருநாளையொட்டி, சில நாட்கள் வெயில் திரும்பி வரும். குட்டிக் கோடை என்பார்கள். அது முடிந்ததும் கடைகள் ஒவ்வொன்றாக மூடும்.

நான் போனது அதற்குப் பிறகு. பிர்கோஸில் ஒரு பழைய வீட்டின் மாடி அறையில் தங்கியிருந்தேன். மூன்றாம் நாள் பிற்பகலில் தெற்கே வானம் கறுத்து, பருத்த துளிகள் விழ ஆரம்பித்தன. கோடைக்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் பெரிய மழை. எதிர்வீட்டுப் பெரியவர் தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். கூரையிலிருந்து இறங்கும் வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றார். முதலில் வந்த தண்ணீர் தூசியும் பறவை எச்சமுமாகப் பழுப்பு நிறத்தில் தெருவுக்கு ஓடியது. அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் இருக்கும். தண்ணீர் தெளிந்ததும் குனிந்து, தொட்டிப் பக்கத் துளையை அடைத்திருந்த துணியை உருவி, அதையே தெருப் பக்கத் துளையில் திணித்தார். முற்றத்துக்கு அடியிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, கீழே விரலைக் காட்டி, சிரித்தார்.